படம் நன்றாக வந்த நாள்

இந்த மாதக் கடைசியோடு நான் நிற்கிறேன். உங்கள் இருவரில் ஒருவர் என் நாற்காலியிலும், மற்றவர் பட்டை மாட்டும் மேசையிலும் உட்காரப் போகிறீர்கள். காந்தக் காயிலை நோயாளியின் தலையில் எந்த இடத்தில் வைப்பது, எந்த வேகத்தில் ஓட்டுவது, வலிப்பு வந்தால் முதலில் என்ன செய்வது என்பதையெல்லாம் மதுரையிலிருந்து வருகிறவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். அதில் நான் சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லை. "போறதுக்கு முன்னாடி பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதி வச்சிட்டுப் போ" என்று டாக்டர் சொன்னார். எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு நாள்தான் திரும்பத் திரும்ப முன்னால் வந்து நிற்கிறது. அதையே எழுதுகிறேன்.

பெரிய அனுபவசாலி எழுதியது போல இது இருக்காது. எனக்கு அந்த வயது இல்லை. இரண்டாவது பிள்ளை உண்டாகியிருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குத் தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்து போவது இனி ஆகாது. அதனால்தான் நிற்கிறேன். வயது இல்லாதது மட்டுமல்ல, நிச்சயமும் என்னிடம் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போனபிறகு, கேஸை மூடினேனா என்று திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். மூடித்தான் இருக்கும். அடுத்த நாளும் திரும்பி வருவேன். டாக்டரே கிண்டல் செய்வார்: "ஒரு நாள் அந்தப் பட்டைய ஒன் நெத்தியிலயே மாட்டிப் பாக்கணும். ஸ்கிரீன் முழுக்கச் செவப்பா வரும்."

நீங்கள் வேலை செய்யப் போகிற அறை முன்பு மருந்து வைக்கும் அறையாக இருந்தது. மிகவும் குறுகல். மனச்சோர்வு மருந்துக்குக் கட்டுப்படாதவர்களை அங்கே நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, இடது நெற்றிக்கு மேலே காந்தக் காயிலை வைத்துத் தட்டுகிறோம். மரங்கொத்தி கொத்துவதுபோலச் சத்தம் வரும். இது மற்ற ஊர்களிலும் நடக்கிறதுதான். நம்மிடம் கூடுதலாக இருப்பது அந்தப் பட்டை. நெற்றியைச் சுற்றிக் கட்டும் பட்டையில் சிறு சிறு விளக்குகள் இருக்கின்றன. அவற்றின் ஒளி எலும்பைத் தாண்டி உள்ளே போய்த் திரும்பும். திரும்பி வரும் ஒளியை வைத்து, காந்தம் தட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே அந்த இடத்தில் ரத்த ஓட்டம் எப்படி மாறுகிறது என்று கணினி நிறமாகக் காட்டும். ஓட்டம் குறைந்தால் நீலம், கூடினால் சிவப்பு.

முதல் நாளே டாக்டர் எங்களுக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார். இது ஆராய்ச்சிக்காக எடுக்கிற படம். பல பேருடைய படங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும். ஒருவருடைய படத்தை மட்டும் வைத்து அவர் குணமாகிவிட்டார் என்று சொல்லக் கூடாது. ஆனால் அறையில் பிளக் இருந்தது ஒரு மூலையில்தான். திரையை அங்கேதான் வைக்க முடிந்தது. வைத்தால் அது சரியாக, வீட்டு ஆட்கள் உட்காரும் பெஞ்சைப் பார்த்தபடி இருந்தது. கண்ணுக்கு நேரே நிறம் மாறிக்கொண்டிருந்தால் யார்தான் என்னவென்று கேட்க மாட்டார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஒளி உள்ளே போக வேண்டுமானால் நெற்றி சுத்தமாக இருக்க வேண்டும். விபூதி, குங்குமம், ஸ்டிக்கர் பொட்டு எதுவும் இருக்கக் கூடாது. ஆண்கள் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பெண்களுக்கு அது அவ்வளவு சுலபமில்லை. புருஷன் பக்கத்தில் நிற்கும்போது பொட்டை அழிப்பதா என்று ஒரு கூச்சம், ஒரு பயம். அதனால் வாஷ்பேசினுக்கு மேலே ஒரு கண்ணாடி மாட்டினோம். பொட்டை எடுத்து அதன் ஓரத்தில் ஒட்டிவிட்டு வருவார்கள், முடிந்ததும் எடுத்து வைத்துக்கொள்வார்கள். பசை போன பொட்டுக்காக மேசை இழுப்பறையில் ஒரு பாக்கெட் எப்போதும் இருக்கும். வெறும் நெற்றியோடு யாரையும் வெளியே அனுப்புவதில்லை. கம்மல், மூக்குத்தி, ஹேர்பின் எல்லாம் காந்தத்துக்காகக் கழற்றி ஆட்கள் கையில் கொடுக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

நான் சொல்ல வந்த பெண்ணைச் செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அவள் பெயர் இல்லை. மம்சாபுரத்திலிருந்து வந்தாள். புருஷன் ராணுவத்தில் வடக்கே இருந்தார். பெண் குழந்தை பிறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பிறந்ததிலிருந்தே இவள் ஆள் மாறிவிட்டாள். இரண்டு இடங்களில் மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு எங்களிடம் கூட்டி வந்தார்கள். கூட்டி வந்தவர் மாமியார். குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவரும் அவர்தான்.

அந்த அம்மாள் முதல் நாள் பெஞ்சில் உட்கார்ந்ததும் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "பிள்ள அழுதா திரும்பிப் பாக்க மாட்டேங்கா. எந்நேரமும் சுவரப் பாத்துப் படுத்தே கெடக்கா. நாங்க என்ன பிள்ள பெறாமலா வந்தோம்? எல்லாம் சொகுசு."

செல்வி அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. பட்டையைக் கட்டி ஓட்டினோம். அன்று டாக்டர் பக்கத்தில் இருந்தார். திரையில் நீலம், ஓரங்களில் மட்டும் கொஞ்சம் பச்சை. மாமியார் அந்த நீலம் என்ன என்று கேட்டார். அந்த இடத்துக்குப் போதுமான ஓட்டம் இல்லை என்று டாக்டர் ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார். அந்த அம்மாள் செத்த நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப இவ நடிக்கலியாம்மா?" என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். அவர் எழுந்துபோய்க் கண்ணாடியில் இருந்த பொட்டை எடுத்துவந்து, தானே மருமகள் நெற்றியில் வைத்துவிட்டார். மறுநாளிலிருந்து ஒரு பிளாஸ்கில் அவளுக்குப் பால் கொண்டுவர ஆரம்பித்தார்.

அந்தத் திரையை நான் ஏன் அவ்வளவு நம்பினேன் என்பது உங்களுக்குப் புரிய வேண்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன். வருஷக்கணக்காகச் சொல்லியும் கேட்காத வீடுகள் ஒரு படத்தைப் பார்த்து வாயை மூடின. சோம்பேறி, திமிர் பிடித்தவள், செய்வினை வைத்துவிட்டார்கள் என்றெல்லாம் பேசியவர்கள், நீலத்தைப் பார்த்ததும் நோய் என்று ஒப்புக்கொண்டார்கள். அதனால் அவர்கள் சிவப்பை எதிர்பார்த்துக் காத்திருக்கவும் ஆரம்பித்தார்கள். தினமும் வந்ததும் முதல் கேள்வி, "இன்னைக்குக் கலர் எப்படிம்மா?" என்பதுதான். நாற்காலியில் இருக்கிறவளிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்பது மெல்ல மெல்ல நின்றுபோனது. அது நின்றுபோனதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

புருஷன் லீவில் வந்தார். அதன்பிறகு அவரும் மாமியாரும் சேர்ந்தே கூட்டி வந்தார்கள். நல்ல மனிதர். பெஞ்சில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "பாப்பா, அம்மா மண்டைக்குள்ள பாரு, லைட்டு எரியுது" என்று விளையாட்டுக் காட்டுவார். செல்வியிடம் பெரிய மாற்றம் இல்லை. கேட்டால் "அப்படியேதான் இருக்கு அக்கா" என்பாள். படத்தில் மட்டும் பச்சையும் மஞ்சளும் கூடிக்கொண்டே வந்தன.

அவருடைய லீவு முடிகிற நாள் வந்தது. அன்று சாயங்காலம் ராஜபாளையத்திலேயே ரயில். பெட்டி, பைகளோடு வந்திருந்தார்கள். செல்விக்குச் சிகிச்சை முடித்து, ஒரே ஆட்டோவில் ஸ்டேஷன் போய் அவர் இறங்கிக்கொள்ள, அவளும் மாமியாரும் அதிலேயே மம்சாபுரம் போவதாக ஏற்பாடு. டாக்டர் அன்று விருதுநகரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார்.

எனக்கும் அன்று நல்ல நாள் இல்லை. காலையிலேயே என் மகனுக்கு உடம்பு சுட்டது. லீவு போடலாமா என்று யோசித்து, போடாமல், பஸ் ஏறிய பிறகு போட்டிருக்கலாமே என்று யோசித்துக்கொண்டு வந்தேன். ஏறுவதற்கு முன்னால் என் மாமியாரிடம் நான் சொன்னவை எல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்தவைதான். நான் வருவதற்குள் சூடு ஏறினால் போன் செய்யுங்கள், கஞ்சியை மட்டும் கொடுங்கள், மற்றதை வந்து ஊட்டுகிறேன், சாயங்காலம் நானே டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். அவர், "நீ போம்மா தாயே, பஸ் போயிரும்" என்று என்னைத் தள்ளாத குறையாக அனுப்பினார்.

அன்றைக்குத்தான் செல்வியின் படம் அவ்வளவு நன்றாக வந்தது. காந்தம் தட்டத் தட்ட, இடது பக்கத்தில் சிவப்பு பொங்கி எழுந்து பரவியது. அப்படி ஒரு படத்தை அந்த அறையில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. புருஷன் எழுந்து நின்றுவிட்டார். திரையைப் போனில் படம் பிடித்துக் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். மாமியார் கையெடுத்துக் கும்பிட்டு, "ஆண்டாளு கண்ணத் தொறந்துட்டா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பட்டையைக் கழற்றும்போது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

செல்வி தானாக எழுந்தாள். தானே கண்ணாடிக்கு முன்னால் போய்ப் பொட்டை எடுத்து, நடுவில் வந்திருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்து வைத்துக்கொண்டாள். அத்தனை வாரங்களில் அவள் தானாகப் பொட்டு வைத்துக்கொண்டது அதுவே முதல் தடவை. புருஷன் கம்மலை நீட்டினார். அவள் வாங்கிப் போட்டுக்கொள்ளாமல், அவர் விரல்களைத் தன் கையால் மூடிவிட்டுப் பேச ஆரம்பித்தாள். நிதானமாக, முகத்தில் லேசான சிரிப்போடு பேசினாள்.

"இதை அழிச்சுப் பாப்பாக்குக் கம்மல் செஞ்சிருங்க. மொட்டை நம்ம பக்கத்துத் திருவண்ணாமலையிலதான் எடுக்கணும், வேற எங்கயும் வேண்டாம். காது குத்தும்போது எங்க அண்ணன் மடியில உக்கார வைங்க. மொட்டை போட்டதும் அத்தை தூக்கிக்கிட்டா அழ மாட்டா. தடுப்பூசி அட்டை பீரோவுல துணிக்கு அடியில இருக்கு."

"எல்லாத்தையும் இன்னைக்கேவா சொல்லணும்?" என்று அவர் சிரித்தார். "அடுத்த லீவுக்கு வரும்போது பாத்துக்கிடலாம்."

"பொறவு மறந்துருவீக."

மாமியார் மருமகளின் தலையை வருடிக்கொடுத்தார். பிள்ளையைப் பற்றி இத்தனை நாளில் ஒரு வார்த்தை பேசாதவள், காதுகுத்துவரை யோசிக்கிறாள் என்றால் வேறென்ன வேண்டும்? என்னிடம் "வாரேன் அக்கா" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போனாள்.

நான் வாஷ்பேசினில் பட்டையை ஸ்பிரிட் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. மகனுக்குச் சூடு எப்படி இருக்கிறதோ, போன் செய்யலாமா, காலையில் சொன்னது எல்லாம் என் மாமியாருக்கு நினைவிருக்குமா என்று மனம் வழக்கம்போல ஓடியது. அப்போதுதான் கை நின்றது. காலையில் நான் சொன்ன எல்லாவற்றிலும் நான் இருந்தேன். பாதியை அவர்களிடம் கொடுத்துவிட்டு மீதியை நான் வந்து செய்வதற்காக வைத்திருந்தேன். பிள்ளையை விட்டுவிட்டு வெளியே போகிற எந்தத் தாயும் அப்படித்தான் சொல்லுவாள். செல்வி சொன்ன அந்த மொட்டையில் அண்ணன் இருக்கிறார், மாமியார் இருக்கிறார், புருஷன் இருக்கிறார். குழந்தை யார் மடியில், அழுதால் யார் தூக்குவது என்று எல்லாம் இருந்தது. அவளுக்கு மட்டும் அங்கே ஓர் இடமும் இல்லை. அவள் காதுக்குக் கம்மலும் இல்லை.

உடனே ஓடினேன் என்று நினைக்காதீர்கள். இதுவும் கேஸ் அடுப்புதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதையும் தப்பாகவே நினைக்கிற புத்தி எனக்கு. ஒரு குடும்பம் முதல்முறையாகச் சிரித்துக்கொண்டு போகிறது, அதைக் கெடுக்க நான் யார்? நான் டாக்டர் இல்லை, பட்டை கட்டுகிறவள். திரையைத் திரும்பிப் பார்த்தேன். கடைசிப் படம் அப்படியே நின்றிருந்தது. அவ்வளவு சிவப்பு. டாக்டருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். எடுக்கவில்லை. வாசலில் ஆட்டோ திரும்பும் சத்தம் கேட்டது.

அதற்குமேல் நின்று யோசிக்க நேரம் இல்லை. கையில் பட்டையோடு வெளியே ஓடினேன். பைகளை ஏற்றியாகிவிட்டது. செல்வி உள்ளே உட்கார்ந்திருந்தாள். வாசலில் வைத்து, உங்கள் மனைவி சாகப் போகிறாள் என்று தோன்றுகிறது என்று சொன்னால் அந்த மனிதர் கேட்பாரா? கையில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டிருக்கிறார். மாமியார் என்னை அறைந்தாலும் ஆச்சரியமில்லை. அதனால் அவர்கள் எதைக் கேட்பார்களோ அதைச் சொன்னேன். படத்தில் ஒரு பகுதி சரியாகப் பதியவில்லை, ஒரு தடவை திரும்ப எடுத்துவிட்டுப் போங்கள் என்றேன்.

"ரயிலுக்கு நேரமாச்சே மேடம்" என்று அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு படம் என்பதால் அவரே செல்வியைக் கைபிடித்து இறக்கினார்.

வீட்டு ஆட்களை வெளியே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். செல்வியை நாற்காலியில் உட்காரவைத்தேன். அவளே பொட்டை எடுத்தாள், கண்ணாடியில் ஒட்டுவதற்காக என்னிடம் நீட்டினாள். பட்டையைக் கட்டினேன். எதையும் ஓட்டவில்லை. என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் பட்டையை இறுக்குவதும் தளர்த்துவதுமாக நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கேள்வியைக் கேட்டால், இல்லாத எண்ணத்தையும் நாமே தலைக்குள் ஏற்றியதுபோல ஆகிவிடும் என்று நம் பக்கத்தில் எல்லாரும் சொல்வார்கள். நானும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

"மெஷின் ஓடலியே அக்கா" என்றாள் செல்வி.

"ஓடல" என்றேன். "படம் எடுக்கக் கூப்பிடல. ஒன்னயத்தான் கூப்பிட்டேன். செல்வி, உயிரை விட்டுரணும்னு நினைப்பு இருக்கா?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபப்படவில்லை, அழவும் இல்லை. பிடிபட்டவளின் பயமும் அந்த முகத்தில் இல்லை. ரொம்ப நேரம் தூக்கிக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தவள்போல, தோள் மட்டும் இறங்கியது.

"இம்புட்டு நாளும் அந்த நெனப்புத்தான் அக்கா. எந்திரிச்சு ஒண்ணு செய்யத்தான் தெம்பு இல்ல. இன்னைக்குத்தான் வந்திருக்கு."

படம் பொய் சொல்லவில்லை. தெம்பு நிஜமாகவே வந்திருந்தது, நாங்கள்தான் தட்டித் தட்டி எழுப்பியிருந்தோம். அந்தத் தெம்பை அவள் எதற்கு வைத்திருக்கிறாள் என்பதைக் காட்டும் நிறம் அந்தத் திரையில் இல்லை.

எப்போது என்று கேட்டேன். புருஷன் ரயில் ஏறட்டும் என்று இருந்ததாகச் சொன்னாள். வீட்டில் எதை நினைத்து வைத்திருக்கிறாய் என்றும் கேட்டேன், அதையும் சொன்னாள். அதை இங்கே எழுதத் தேவையில்லை. பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் துடித்தது. உன் பாப்பாவை நினைத்துப் பார் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. நல்லவேளையாகச் சொல்லவில்லை. அவள் பாப்பாவை நினைத்துத்தான் எல்லா ஏற்பாடும் செய்திருந்தாள். தான் இல்லாவிட்டால்தான் அந்தப் பிள்ளை நன்றாக வளரும் என்று நம்பினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கிட்டச் சொல்லிட்டேல்ல. இன்னைக்கு ஒன்னயத் தனியா விட மாட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல எனக்குப் படிப்பும் இல்லை, தைரியமும் இல்லை.

டாக்டர் போனில் வந்தபோது முதலில் கேட்டதும் படத்தைத்தான். நன்றாக வந்திருக்கிறது என்றேன். பிறகு அவள் சொன்னதைச் சொன்னேன். "ஆள விட்டு நகராத. வார்டு சிஸ்டரையும் கூட வச்சுக்க. வீட்டுக்காரரை ரயில் ஏற விடாத. நான் கிளம்பிட்டேன்."

ரயில் ஏற விடாதே என்று போனில் சொல்வது சுலபம். சிஸ்டரைச் செல்வியிடம் விட்டுவிட்டு நான் வெளியே வந்து சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. போனை எடுத்து அந்தப் படத்தை என் முகத்துக்கு முன்னால் காட்டினார்.

"இது என்ன அப்ப? படம் பொய்யா, இல்ல நீங்க சொல்றது பொய்யா?"

"படம் பொய் இல்ல சார்."

"படம் பதியலன்னு சொன்னீங்களே, அது?"

"அதுதான் பொய்."

மாமியார் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க முடியாது. "சிரிச்சிக்கிட்டுப் போன பிள்ளைய உள்ள கூட்டிப் போயி என்னத்தக் கேட்ட?" என்றார். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன் என்று, டாக்டர் வந்து சேரும்வரை தெருவுக்குக் கேட்கும்படி பேசினார். அந்த மனிதர் ஆட்டோவிலிருந்து பெட்டியை இறக்கினார், ஆட்டோக்காரரை அனுப்பினார். பிறகு வராந்தாவில் பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டார். ரயில் போகிற சத்தம் கேட்டபோதுகூட நிமிரவில்லை.

டாக்டர் வந்ததும் அவளை வார்டில் சேர்த்து, ஓர் ஆள் எப்போதும் கூடவே இருக்க ஏற்பாடு செய்தார். அந்த மனிதர் மம்சாபுரம் போய், செல்வி சொன்ன இடத்தில் அது இருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்தவர் என்னைத் தாண்டி நேரே வார்டுக்குள் போனார். என் போனில் வீட்டிலிருந்து பல அழைப்புகள் தவறியிருந்தன. பஸ்ஸில் நின்றுகொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்வதற்குள் நான் நினைக்காத கெட்டது இல்லை. மகன் சூடு தணிந்து தூங்கிக்கொண்டிருந்தான். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

செல்வி வார்டில் இருந்த நாட்களில் நான் போய்ப் பார்ப்பேன். ஒரு நாள் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அன்னைக்கு விட்டிருக்கலாம்ல அக்கா" என்றாள். கேட்டதால் எண்ணம் வராது, இருக்கிற எண்ணம் வெளியே வரும், அவ்வளவுதான் என்று டாக்டர் எனக்குப் பலமுறை சொல்லிவிட்டார். புத்திக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தக் குடும்பத்துக்கு நான் வேண்டாதவள் ஆகிவிட்டேன். எங்கள் மெஷின்தான் அவளை அந்த அளவுக்குக் கொண்டுபோனது என்று அவர்கள் சொன்னபோது, அதில் பாதி உண்மை என்று எனக்கே தோன்றியது. கொஞ்ச நாளில் அவளை மதுரைக்கு, வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு முகம் இல்லை. மம்சாபுரம் பஸ் எதிரே வந்தால் ஜன்னல்களைப் பார்ப்பேன். எந்தச் செய்தி காதில் விழுமோ என்று பயந்துகொண்டே பார்ப்பேன்.

அதன்பிறகுதான் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினோம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இன்னொரு பிளக் போட்டதோடு வேலை முடிந்தது. முதல் நாளே செய்திருக்கலாம். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் இப்போது நாற்காலியில் இருப்பவரைத்தான் பார்த்தாக வேண்டும். அவர்கள் கலர் கேட்பார்கள். உங்களிடமும் கேட்பார்கள், சில சமயம் கெஞ்சுவார்கள். நோயை நம்பாத ஒரு மாமியாருக்கு அந்த நீலத்தைக் காட்டினால் நல்லது நடக்குமே என்று உங்களுக்கும் தோன்றும். காட்டலாமா, கூடாதா என்று எனக்கு இன்றும் முழுதாகத் தெரியவில்லை. காட்டினால் அதோடு நிறுத்திவிடாதீர்கள் என்றுதான் சொல்லத் தெரிகிறது. திடீரென்று தெளிந்தவரைத்தான் எல்லாரையும்விடக் கூடுதலாகப் பாருங்கள். நேரடியாகக் கேளுங்கள். சுற்றி வளைத்துக் கேட்டால் சுற்றி வளைத்தே பதில் வரும்.

போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, மகனைத் தூக்கிக்கொண்டு நாங்கள் திருவண்ணாமலைக்குப் போனோம். வடக்கே இருக்கிற ஊர் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் அதே பெயரில் இருக்கும் எங்கள் பெருமாள் மலை. அன்று கால் வைக்க இடமில்லாத கூட்டம். மொட்டை எடுக்கும் இடத்தைத் தாண்டும்போது அந்த மாமியாரைப் பார்த்தேன். அவர் கையில், சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு ஒரு பெண் குழந்தை. காது குத்தியாகிவிட்டது, இரண்டு காதிலும் புதுக் கம்மல். அழுது ஓய்ந்திருந்தது. பக்கத்தில் ஒட்ட வெட்டிய தலையோடு அந்த மனிதர். கீழே பாயில், வேட்டியில் முடி ஒட்டியிருக்க ஓர் ஆள், அண்ணனாகத்தான் இருக்கும். அன்று கண்ணாடி முன்னால் அவள் சொன்னபடியே எல்லாரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். மகனை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு அங்கேயே நின்று, ஒவ்வொரு முகமாகத் தேடினேன்.

தூணுக்குப் பின்னாலிருந்து செல்வி தண்ணீர்ப் பாட்டிலோடு வந்தாள். இளைத்திருந்தாள். காதில் கவரிங் கம்மல். சேலைத் தலைப்பை நனைத்து, குழந்தையின் கழுத்தில் ஒட்டியிருந்த முடியைத் துடைத்துவிட்டாள். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தாள். என்னைத் தெரிந்துகொண்டாள் என்பதில் சந்தேகமில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் பக்கத்தில் போகவில்லை. அது கோபமா, கூச்சமா, அந்த நாளை நினைக்கப் பிடிக்காததா என்று வீடு வரும்வரை யோசித்தேன், இப்போதும் யோசிக்கிறேன். அவள் நெற்றியில் பொட்டு இருந்தது, நடுவில், சரியாக. அதற்கு உள்ளே அன்று என்ன நிறம் என்று எனக்குத் தெரியாது. அது தெரிந்திருந்த நாளில்தான், அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட இருந்தோம்.